புள்ளடி விழும் இடம்

தேர்தல் முடிந்து பெறுபேறு வெளியான மறுநாட் காலையில் நம்மூர்ச் சந்திகளிலும் தேநீர்க் கடைகளிலும் எழுகின்ற முதற் பேச்சு யாவர்க்கும் பழக்கமானதே. "சனங்கள் ஏமாந்து போனார்கள்" என்பது தோற்றவர் பக்கத்துப் பேச்சு. "சனங்கள் விழித்துக் கொண்டார்கள்" என்பது வென்றவர் பக்கத்துப் பேச்சு. சென்ற தேர்தலில் விழித்திருந்த அதே சனங்கள் இந்தத் தேர்தலில் எப்படி உறங்கிப் போயினர் என்பதை இரு சாராரும் ஆராய்வதில்லை. வாக்காளன் ஏன் ஒரு கட்சியைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுகின்றான் என்ற வினாவுக்கு வசைமொழியும் புகழ்மொழியும் விடையாகா.

எமது வாசகர்களுட் பலர் மாணவர்கள். 18 வயது நிரம்பியதும் அவர்கள் கையில் ஒரு வாக்குச் சீட்டு வந்து சேரும். அவர்களை முன்னிட்டே இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொண்டோம். வேறோர் ஏதுவும் உண்டு. யாழ்ப்பாணத்திலே 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்த வினா பல வீடுகளின் அமைதியைக் கெடுத்தது. தந்தை ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் நின்று, "நீ இனத்தைக் காட்டிக் கொடுத்தாய்", "நீங்கள் எழுபது வருடம் என்ன கண்டீர்கள்" என்று ஒருவரையொருவர் நோகச் சொன்ன வீடுகளை நாம் அறிவோம்.

நடந்தது இதுதான். 2024 செப்தெம்பர் 21ஆந் திகதி நிகழ்ந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலே திரு. அநுர குமார திசாநாயக்க பெற்ற வாக்கு 27 ஆயிரத்துச் சொச்சம். நவம்பர் 14ஆந் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று முதலிடம் அடைந்தது. மாவட்டத்தின் 6 ஆசனங்களுள் 3 அக்கட்சிக்குக் கிடைக்க, இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு ஒன்றே கிடைத்தது. 2025 மே 6ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தலிலோ தமிழரசுக் கட்சி வடக்கிலே மீண்டும் முன்னணிக்கு வந்தது. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், அதே மக்கள், மூன்று விதமான விடை.

இதனை ஆராய முன் கணக்கொன்றைச் சரி பார்த்துக்கொள்ளுதல் நன்று. அந்த 80 ஆயிரம் வாக்கு, செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு 25 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. கால்வாசி வாக்கு ஆசனங்களிற் பாதியைப் பெற்றுக் கொடுத்தது எவ்வாறு? மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் உண்டு. நூற்றுக்கு ஐந்து வீதம் பெறாத குழுக்களின் வாக்குகள் ஆசனப் பங்கீட்டில் நீக்கப்படும். தமிழ்க் கட்சிகளின் வாக்கோ பல கூறாகச் சிதறிக் கிடந்தது. ஆகவே "யாழ்ப்பாணம் தலைகீழாய் மாறிவிட்டது" என்று தென்னிலங்கையிற் கொண்டாடினோரும், நம் பக்கத்திற் புலம்பினோரும், மாவட்டத்தில் நால்வருள் மூவர் அக்கட்சிக்கு வாக்களிக்கவில்லை என்பதை மறந்தனர். மக்கள் மனம் வேறு, ஆசனத் தொகை வேறு. முன்னதைப் பின்னதால் அளப்பது மாணாக்கர் தவிர்க்கவேண்டிய பிழை.

எனினும், எட்டு வாரத்தில் ஒரு கட்சியின் வாக்கு மும்மடங்கானமை சிறு விடயமன்று. அதற்கு ஏது என்ன?

இத்தகைய வினாவை முறையாக ஆராயத் தொடங்கியோர் அமெரிக்க அறிஞர்களே. 1940ஆம் ஆண்டு ரூஸ்வெல்ட்டும் வில்க்கியும் போட்டியிட்ட ஜனாதிபதித் தேர்தலின்போது, பால் லசார்ஸ்பெல்ட் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் ஒகையோ மாநிலத்து ஈரி என்னும் பகுதியிலே சுமார் 600 பேரைத் தெரிந்தெடுத்து, மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சென்று கண்டு வினாவினர். பிரசாரம் மக்கள் மனத்தை எவ்வாறு மாற்றுகிறது என்று காண்பதே அவர்கள் நோக்கம். கண்டதோ வேறு. ஏறக்குறையப் பாதிப் பேர் மே மாதத்திலேயே முடிவு செய்துவிட்டனர். பிரசாரத்தாற் கட்சி மாறியவர் மிகச் சிலர். மேடைப் பேச்சும் பத்திரிகையும் வானொலியும் பெரும்பாலும் முன்னமே இருந்த எண்ணத்தை உறுதிப்படுத்தினவேயன்றிப் புதிய எண்ணத்தை விதைத்தில. ஒரு வீட்டார் ஒரே பக்கத்துக்கே வாக்களித்தனர். பத்திரிகையைக் காட்டிலும் அயலவரும் உறவினரும் உடன் வேலை செய்வோரும் சொன்ன சொல்லே மேலோங்கி நின்றது. 1960ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் வெளியிட்ட பெருநூலொன்றும் ஏறத்தாழ இதனையே கூறிற்று. கட்சிப் பற்று சமயத்தைப் போலப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது என்பது அவர் முடிபு.

இவ்வாய்வுகளை வாசிக்குந்தோறும் நம்மூர் நினைவே எமக்கு எழுகின்றது. "நாங்கள் எப்போதும் வீடு" என்றும், "எங்கட ஐயா காலந்தொட்டுச் சைக்கிள்" என்றும் சொல்லக் கேட்டதில்லையா? வீடும் சைக்கிளும் யானையும் கையும் வெறுஞ் சின்னங்களாய்த் தொடங்கிக் குலமரபுப் பெயர் போல ஆகிவிட்டன. அதற்கு முன்னர், டொனமூர் காலத்துத் தேர்தல்களில், அபேட்சகர் ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறம் வகுத்து, அந்நிறப் பெட்டியிலே சீட்டை இடுவித்தனர். எழுத்தறியாதார்க்கும் வாக்குரிமை தந்த நாட்டிலே அது வேண்டியதொன்றே. 1931ஆம் ஆண்டு ஆண் பெண் இருபாலார்க்கும் இங்கே சர்வசன வாக்குரிமை கிடைத்தபோது, பிரித்தானியப் பெண்களுக்கு ஆடவரோடு சமமாக அது கிடைத்து மூன்று வருடமே ஆகியிருந்தது என்பதையும் மாணவர் நினைவிற் கொள்ளலாம்.

அன்தனி டவுன்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1957இல் வேறொரு வழியாற் சென்று இதனை விளக்கினார். ஒருவனுடைய ஒற்றை வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகச் சிறிது. அதன் பொருட்டு ஒவ்வொரு கட்சியின் கொள்கைப் பிரகடனத்தையும் வாசித்து ஒப்பு நோக்குவதற்கு உழைப்பாளி ஒருவனுக்கு நேரம் எங்கே? ஆகவே அவன் கட்சிப் பெயரைச் சுருக்கு வழியாகக் கொள்கின்றான். இது மடமையன்று, சிக்கனம் என்பார் அவர். இக்கூற்றில் உண்மையுண்டு என்றே நாமும் கருதுகின்றோம். ஆயினும் இது முழு உண்மையாயின், பரம்பரைக் கட்சிகள் ஒருநாளும் தோலா. நம் வரலாறோ தோல்விகளால் நிறைந்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியிலே சேர். அருணாசலம் மகாதேவா, திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலத்திடம் தோற்றார். சேர். பொன்னம்பலம் அருணாசலத்தின் மைந்தர், மந்திரியாயிருந்தவர், குடிப்பெருமையில் அவரை விஞ்சினோர் அக்காலத்தில் இலர். குடிப்பெருமையே வாக்கைத் தருவதாயின் அவர் தோற்றிருக்க முடியாது. அத்தேர்தலில் 7 இடங்களை வென்ற தமிழ்க் காங்கிரஸ் அடுத்த ஆண்டே அரசாங்கத்தோடு சேர்ந்தது. பிரிந்து சென்ற திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலானோர் 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியை அமைத்தனர். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டமையே அப்பிரிவுக்குப் பெரிய ஏது. ஆனால் 1952இல் வாக்காளர் அவர்களுக்குச் செவிசாய்க்கவில்லை. கோப்பாயும் திருகோணமலையும் மட்டுமே கிடைத்தன. காங்கேசன்துறையிலே செல்வநாயகம் அவர்களே ஐக்கிய தேசியக் கட்சியைச் சேர்ந்த திரு. சு. நடேசபிள்ளையிடம் தோற்றார். நடேசபிள்ளை கற்றோர் போற்றிய கல்விமான்; சேர். பொன். இராமநாதனின் மருகர். அரசாங்கத்தோடு நின்றாற் காரியம் நடக்கும் என்ற எண்ணமும் அன்று வலிதாயிருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு நேர்ந்தது நாளை தமக்கும் நேரும் என்பதை வடபகுதி வாக்காளர் அன்று உணர்ந்திலர். 1956இல் சிங்களம் மாத்திரம் என்ற முழக்கம் எழுந்ததும் அதே தொகுதி அதே செல்வநாயகத்தைத் தெரிந்தது. தமிழரசுக் கட்சி 10 இடங்களைக் கைப்பற்றியது. தமிழ்க் காங்கிரசிலே பொன்னம்பலம் ஒருவரே எஞ்சினார்.

நான்கு ஆண்டில் மனிதர் மாறிவிடவில்லை. மாறியது அவர் முன் நின்ற வினா. 1952இல் "யார் நமக்கு வேலை செய்து தருவார்?" என்பது வினா. 1956இல் "நம் மொழி என்னாகும்?" என்பது வினா. எக்கட்சி சிறந்தது என்று வாக்காளன் தீர்ப்பதற்கு முன்னரே, இத்தேர்தல் எதைப் பற்றியது என்பதை அவன் தீர்த்துக்கொள்கின்றான். தேர்தல்களிற் பெரும்போர் நடப்பது அந்த இடத்திலேதான். கட்சித் தலைவர்கள் இதனை நன்கறிவர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செல்வநாயகம் அவர்கள் கிறிஸ்தவர். தொகுதி மக்களுட் பெரும்பாலார் சைவர். அவர் தேவாலயம் செல்வதும் தாம் நல்லூருக்குச் செல்வதும் அம்மக்களுக்கு வாக்கின் அளவுகோலாக இருக்கவில்லை. 1956 முதல் 1975ஆம் ஆண்டு இடைத்தேர்தல் வரை அத்தொகுதி அவரைக் கைவிடவேயில்லை. சைவப் பாடசாலை ஒன்றிற் படிப்பிக்கும் நாம் இதனைப் பெருமையோடு மாணவர்க்குச் சொல்வதுண்டு.

சாதியைப் பற்றி அவ்வளவு பெருமையாகச் சொல்ல முடியாது. மேடையில் எவரும் சொல்லாமல், வாசற்படியில் எல்லாரும் சொல்லிய பிரசாரம் அது. 1956இல் வடக்கிலே தமிழரசு அலை வீச, பருத்தித்துறை கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைத் தெரிந்தது. அவர் ஆழ்ந்த புலமையாளர். சிங்களம் மாத்திரம் மசோதாவைப் பாராளுமன்றத்திலே எதிர்த்துப் பேசியவர். ஆயினும் அவருக்கு விழுந்த வாக்குகள் எல்லாம் புலமைக்கு விழுந்தனவல்ல. ஆலயத்திலும் தேநீர்க் கடையிலும் தம்மை வெளியே நிறுத்திய சமூகத்தாருக்கு எதிராக இடதுசாரிகளே நின்றனர் என்பதை ஒடுக்கப்பட்ட மக்கள் அறிந்திருந்தனர். இனம் ஒன்று என்று மேடையிற் கேட்ட மனிதன், கிணற்றடியிலே வேறொன்றைக் கண்டான். அவன் புள்ளடி அவன் கண்டதன்படி விழுந்தமை வியப்பா?

வயிற்றுக்கும் வாக்குக்கும் உள்ள தொடர்பை மறுப்பாரில்லை. 1953இல் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்ந்தது. ஓகஸ்ட் மாதம் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டே பதவி துறந்தார். அவரே மீண்டும் ஆட்சிக்கு வந்து, 1966இல் இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கி அதனை இலவசமாகக் கொடுத்தார். 1970இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் கூட்டணி இரண்டு கொத்தையும் தருவதாக வாக்களித்துப் பெருவெற்றி பெற்றது. ஒரு கொத்து அரிசி அரசாங்கத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாயிருந்த நாடு இது.

ஆனால் வயிறொன்றே காரணமாயின் 1977ஐ விளக்க முடியாது. அம்மையாரின் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்திற்று. அதனாலே தெற்கிற் பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. வடக்கிலோ வெங்காயமும் செத்தல் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. வலிகாமத்துத் தோட்டக்காரர் மச்சு வீடு கட்டியதும், உழவு இயந்திரம் வாங்கியதும் அக்காலத்தில்தான். தெற்கு அந்த அரசாங்கத்தைத் தூக்கி எறிந்ததில் வியப்பில்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 ஆசனம்; சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. பணங் கண்ட வடக்கு என்ன செய்தது? 14 தொகுதிகளிலும் தமிழர் விடுதலைக் கூட்டணியையே தெரிந்தது. மிளகாய் விற்ற தந்தையின் மகன், தரப்படுத்தலினால், சிங்கள மொழி மூல மாணவனிலும் கூடிய புள்ளி எடுத்தும் மருத்துவ பீடத்துக்கு வெளியே நின்றான். 1972ஆம் ஆண்டு யாப்பு அவன் மொழியைப் பின்தள்ளிற்று. தோட்டத்தில் வந்த இலாபத்தை ஒரு தட்டிலும் பிள்ளைக்கு நேர்ந்த அவமானத்தை மறுதட்டிலும் வைத்து, எது பாரம் என்று அந்தத் தோட்டக்காரர் நிறுத்துப் பார்த்தனர். அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எமக்கு நா எழாது.

கட்சியைக் கடந்து ஆளுக்கு வாக்களிப்பதும் நம்மிடையே உண்டு. 1960 மார்ச்சிலே யாழ்ப்பாணத் தொகுதி, பெருந் தலைவரான பொன்னம்பலத்தை விடுத்து, சுயேச்சையாக நின்ற அல்பிரட் துரையப்பாவைத் தெரிந்தது. நகரத்தவர் கூப்பிட்ட குரலுக்கு வருபவர் என்பதே அவருக்கு முதலாயிருந்தது. 1989 முதல் நடைமுறையிலுள்ள விருப்பு வாக்கு முறையோ இரண்டையும் கலந்துவிட்டது. கட்சிக்கு ஒரு புள்ளடி. அதற்குள் மூவர் வரை விருப்பு. ஒரே கட்சிக்காரர் ஒருவர் சுவரொட்டியை ஒருவர் கிழிக்கும் காட்சி அதன் பின்னரே நமக்குக் கிடைத்த பேறு!

வாக்களியாமை என்ற தெரிவையும் நாம் இருமுறை கண்டோம். 1931இல் டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பை முன்னெடுக்க, வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அது விவாதித்து எடுத்த முடிவு. சரியோ பிழையோ, இலட்சியத்தின் பேரால் எடுத்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இரண்டு வீதமுமில்லை. அன்று வாக்களிக்க வெளியே போவதா என்பதை வாக்காளன் தானே தீர்மானிக்க இடமிருக்கவில்லை. நாடு முழுவதிலும் வெற்றியைத் தீர்த்த வித்தியாசம் சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு. அதன் பின் வந்த ஆண்டுகள் நமக்கு என்ன கொணர்ந்தன என்பதை இப்பத்தியில் எழுத வேண்டியதில்லை.

இனி, 2024இன் புதிருக்கு வருவோம். செப்தெம்பரில் நின்ற வினா "நாட்டை யார் ஆளுவது?" என்பது. திசாநாயக்க அப்போது வடக்குக்கு ஏறத்தாழ அந்நியர். நவம்பரில் அவர் ஜனாதிபதியாய் விட்டார். 2022இன் பொருளாதார வீழ்ச்சியிலே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்களுக்குப் பழைய கட்சிகள் மேல் ஆத்திரம் தணியவில்லை. தமிழரசுக் கட்சியின் தலைமைப் பூசலோ நீதிமன்றம் வரை சென்றிருந்தது. தம்முள்ளே ஒன்றுபட முடியாதவர் எங்களை ஒன்றுபடச் சொல்வதா என்று இளைஞர் கேட்டனர். அவ்வாக்குகளுட் பல அன்புக்கு விழுந்தவையல்ல, கண்டனத்துக்கு விழுந்தவை என்பது எம் கருத்து. மே மாதம் வந்தபோது வினா ஒழுங்கையும் வடிகாலும் சந்தையுமாயிற்று. அதற்கு அயலிலே அறிந்த முகம் தேவைப்பட்டது. நவம்பரில் எச்சரிக்கை செய்தாயிற்று என்று எண்ணியோரும் இருந்திருப்பர். ஏற்கெனவே நடந்ததை எடைபோட்டே மக்கள் வாக்களிக்கின்றனர், அவர்களை அறிவிலிகளாக எண்ணுதல் தவறு என்று வீ. ஓ. கீ என்னும் அமெரிக்க அறிஞர் வாதித்தார். அந்நூல் 1966இல் வெளிவந்தது. அவர் பக்கமே எமது சாய்வு.

ஆகையால் மகன் இனத்தைக் காட்டிக் கொடுக்கவுமில்லை. தந்தை எழுபது வருடம் உறங்கவுமில்லை. தந்தை 1977இன் தராசைக் கையில் வைத்திருக்கின்றார். மகன் 2022இன் தராசை வைத்திருக்கின்றான். இருவரும் ஒரு மாலையிற் திண்ணையில் அமர்ந்து, "நீ எதை நிறுத்தாய்?" என்று கேட்டுக்கொண்டால், கோபத்துக்குப் பதிலாகச் சரித்திரம் வெளிவரும்.

எமது வகுப்பு மாணவரிடம் இதனையே ஒருமுறை வேலையாகக் கொடுத்தோம். வீட்டிலுள்ள மூத்தோரிடம் அவர்தம் பழைய வாக்கு எதற்கு, ஏன் என்று கேட்டு எழுதி வரும்படி சொன்னோம். பலர் கட்சி வரலாற்றையே எழுதி வந்தனர். ஒரு மாணவி தன் அம்மம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். 1970ஆம் ஆண்டுத் தேர்தலன்று அவருடைய கணவனார் சைக்கிளுக்குப் போடும்படி சொல்லி, வாக்குச் சாவடி வாசல் வரை கூட்டிச் சென்றாராம். அம்மையாரோ உள்ளே சென்று வீட்டுக்குப் போட்டுவிட்டு வந்தாராம். "ஏன் அம்மம்மா?" என்று பேர்த்தி கேட்டதற்கு, "அப்ப நாங்கள் வாடகைக்கு இருந்த காலம் பிள்ளை. வீடு கண்ணுக்கு முன்னால நிக்கேக்கை, சைக்கிளுக்கு ஆர் போடுவினம்?" என்றாராம். கணவனார் கண்மூடும் வரை அதனை அவர் சொல்லவேயில்லை.